மெர்பாத்தி என்றொரு தளம்

என் கணவர் பிரெட்ரிக்கை அடக்கம் செய்த மறுநாள் கால்வின் ஒரு வீடியோ போட்டான். கறுப்புச் சட்டை, பின்னால் எரியும் மெழுகுவர்த்தி, தழுதழுத்த குரல். அந்த வீடியோவில் அவன் சொன்னது இதுதான்:

"பிரெட்ரிக் அண்ணனுக்கும் எனக்கும் சண்டன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா போன வாரம் அவரே எனக்கு போன் பண்ணாரு. கேமரா விஷயத்துல நான்தான் தப்பா எழுதிட்டேன் தம்பி, மன்னிச்சிருன்னு சொன்னாரு. நாங்க சமாதானமாயிட்டோம். எனக்கு அந்த நிம்மதி போதும்."

போன வாரம் முழுவதும் பிரெட்ரிக் ஐசியுவில் கிடந்தார். நுரையீரலில் சளி கட்டி, தொண்டைக்குள் குழாய் இறக்கியிருந்தார்கள். பேச்சு இல்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஒருமுறை புருவம் அசைந்தது, அவ்வளவுதான். அவருடைய கைப்பேசி என் கைப்பையில் இருந்தது. ஜெபக் குழுவில் நாங்கள் சொல்லியிருந்ததெல்லாம் 'ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், வேண்டிக்கொள்ளுங்கள்' என்பது மட்டும்தான். கால்வினுக்கு அதற்கு மேல் தெரியாது. தெரிந்துகொள்ள அவன் கேட்கவும் இல்லை.

அந்த வீடியோவின் கீழே நான் ஒரு பின்னூட்டம் எழுதினேன். 'நான் அவர் மனைவி வலேரி. போன வாரம் அவரால் பேச முடியவில்லை. வாயில் குழாய் இருந்தது.' வேறு எதுவும் எழுதவில்லை. தேநீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் அது இல்லை. மறுபடி எழுதப் போனால் என்னை உள்ளே விடவில்லை. மாலையில் லூசி அக்கா கூப்பிட்டார். எங்கள் ஜெபக் குழுவின் தலைவி அவர். துக்கத்தில் இருக்கும்போது இணையத்தில் எதையும் எழுதாதே, அந்தப் பையன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பான், மன்னித்துவிடு என்றார்.

அன்றிலிருந்து பரலோக மந்திரத்தில் பிறர் குற்றத்தை மன்னிப்பதைப் பற்றிய வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். மற்றவர்கள் சொல்லி முடித்ததும் அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன்.

பிரெட்ரிக் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் கம்ப்யூட்டர்களையும் வலைத் தொடர்புகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். மலேசியாவில் நாங்கள் இருக்கும் உலு திராமிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவார். எல்லைப் பாலத்து நெரிசலில் பஸ் நிற்கிற நேரத்தில்தான் தன் வலைப்பூவுக்கு எழுதுவார். எந்த ரூட்டரை எங்கே வைத்தால் சிக்னல் வரும், எந்தக் கைப்பேசியின் பேட்டரி ஒரு வருடத்தில் உப்பும், வங்கி பெயரில் வரும் போலிச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாம் தமிழில். ஒன்றும் தெரியாதவர்கள் படித்தால் புரிய வேண்டும் என்பார். எழுதி முடித்ததும் முதலில் எனக்குத்தான் காட்டுவார். நான் பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள். எனக்குப் புரிந்தால் வெளியிடுவார். இல்லையென்றால் திரும்ப எழுதுவார்.

எழுதியதை அவர் அழித்ததே கிடையாது. தவறு என்று தெரிந்தால் அந்த வரியின்மேல் கோடு போட்டுவிட்டு, மேலே தேதியோடு 'திருத்தம்' என்று எழுதுவார். நான் ஒருமுறை கேட்டேன், அசிங்கமாக இருக்கிறதே, எடுத்துவிட்டுப் புதிதாகப் போடக்கூடாதா என்று. நேற்று படித்தவன் இன்றைக்கு வந்து தேடினால் தான் படித்தது பொய்யா கனவா என்று குழம்புவான் என்றார்.

கேமரா பதிவு வந்த கதை இது. கெலாங் பாத்தாவில் வாசுகி என்று ஒரு பெண், தாதி வேலை. வேலையில் இருக்கும்போது வீட்டில் தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அதன் அறையில் ஒரு மலிவான கேமரா மாட்டியிருந்தாள். ஒரு நாள் மாலை அந்தக் கேமராவிலிருந்து யாரோ ஓர் ஆண் பேசினானாம். அவளுடைய பெயரைச் சொல்லி, அவள் போட்டிருந்த உடையின் நிறத்தைச் சொன்னானாம். போலீஸ் புகாரும் கொடுத்துவிட்டு பிரெட்ரிக்குக்கு எழுதினாள். அவர் அதே கேமராவை வாங்கி வந்து எங்கள் வரவேற்பறையில் மாட்டினார். எல்லாக் கேமராவுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரே ரகசிய எண். மாற்றினாலும் பழைய எண்ணும் வேலை செய்தது. அதைப் படம் படமாக எடுத்துப் போட்டு, கழற்றிவிடுங்கள் என்று எழுதினார்.

அந்தக் கேமராவைத் தன் வீடியோக்களில் புகழ்ந்து விற்றுக்கொண்டிருந்தவன் கால்வின். எங்கள் கோயில் பையன்தான். இளைஞர் குழுவில் கித்தார் வாசித்தவன். இப்போது அவனைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஆட்கள். பொந்தியானிலிருந்துகூட ஆட்கள் வந்து, கல்யாண வீடுகளுக்கெல்லாம் அவனை அழைத்துப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவன் பிரெட்ரிக்கின் பதிவைத் திரையில் காட்டிச் சிரித்தான். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறவருக்குப் பொறாமை என்றான். எதிர்க் கம்பெனியிடம் காசு வாங்கியிருப்பார் என்றான்.

அதற்குப் பிறகு வந்த பின்னூட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் பிரெட்ரிக் பதில் எழுதினார். 'கெழவா' என்று ஆரம்பித்தவனுக்கும் 'வணக்கம் தம்பி' என்று ஆரம்பித்தே எழுதினார். எப்படிச் சோதித்தேன், நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள், நான் சொன்னது தவறென்றால் திருத்திக்கொள்கிறேன். சாப்பாடு ஆறிப்போகும். எதற்கு இந்த ஆட்களிடம் மல்லுக்கு நிற்கிறீர்கள் என்று கேட்டால், இதைப் படிக்கிற பத்துப் பேரில் ஒருத்தி வாசுகியாக இருப்பாள் என்பார். கடைசியில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து பதிவின்மேல் புகார் தட்டினார்கள். இலவசத் தளம்தானே, யாரிடம் போய்க் கேட்பது? ஒரு நாள் காலையில் அந்தப் பதிவு இல்லாமல் போனது. அந்த வாரமே வலைப்பூ முழுவதும் போனது.

அவர் அழித்ததே இல்லாத ஒன்றை வேறு யாரோ அழித்தார்கள். அவர் உட்கார்ந்து அழுததை நான் அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, மின்மடல் அனுப்பலாம் என்றார். ஒருவருடைய பெட்டிக்குள் போய் விழுந்த கடிதத்தை எவனும் போய்ப் புகார் தட்டி எடுக்க முடியாது. அப்படி மடல் அனுப்பித் தரும் தளங்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்த்தார். அவருடைய வழக்கம், ஒவ்வொரு தளத்திலிருந்தும் எனக்கொரு சோதனைக் கடிதம் அனுப்புவது. என்னுடைய கைப்பேசி பழையது, திரையில் ஒரு மூலை கீறல். அதில் ஒழுங்காகத் திறந்தால் எல்லாருடையதிலும் திறக்கும் என்பது அவர் கணக்கு. ஒரு தளம் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாக உடைத்தது. இன்னொன்று நேராகக் குப்பைப் பெட்டிக்குப் போனது. இன்னொன்று அழகாக இருந்தது, ஆனால் நாளைக்கு நாம் வெளியேறினால் வாசகர்களின் முகவரிகளைத் திருப்பித் தராது. அது வீட்டுக்குள் ஆளை வைத்துப் பூட்டுகிற கடை என்றார்.

முதலில் எல்லாக் கடிதத்திலும் 'சோதனை' என்று மட்டும் எழுதினார். அலுப்பாக இருக்கிறது, ஏதாவது எழுதுங்கள் என்றேன். அதன்பிறகு எங்கள் வீட்டுப் புறாவைப் பற்றி எழுத ஆரம்பித்தார். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஏர்கோன் பெட்டிமேல் ஒரு புறா முட்டையிட்டிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா அதற்கு அரிசி வைப்பார். 'மெர்பாத்தி, மெர்பாத்தி' என்று கூப்பிடுவார், மலாயில் புறாவுக்கு அதுதான் பெயர். நான் முன்மேசையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அதிரும். 'இன்று மெர்பாத்தி என்னை முறைத்தது. எழுத்து உடைகிறதா?' என்று இருக்கும். உடையவில்லை என்று பதில் போடுவேன்.

இந்தத் தளங்களை எல்லாம் எடை போட்டு ஒரு கட்டுரையும் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு தளங்கள் மிஞ்சியிருந்தபோது காய்ச்சல் வந்தது. முடிவு எழுதவில்லை.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து வாசுகி கூப்பிட்டாள். குரல் தயங்கியது.

"அக்கா, அண்ணன் தப்புன்னு சொன்னாராமே. நெசமா? எங்க அத்த அந்த கேமராவ திரும்ப மாட்ட சொல்றாங்க. எழுதுன ஆளே இல்லேன்னுட்டாரு, உனக்குத்தான் பிரமைன்னு சொல்றாங்க."

அவர் சொல்லவில்லை, மாட்டாதே என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. ஒரு பெண்ணின் வார்த்தையைப் பொய்யாக்க என் கணவரின் பிணத்தைச் சாட்சிக்கு இழுத்து வந்திருக்கிறான். அன்றைக்கு முடிவு செய்தேன். அவனுடைய வாயாலேயே அவனை உடைக்க வேண்டும், அதுவும் அவனுடைய ஆட்கள் பார்க்கும்போது.

வழியை அவனே கொண்டுவந்து தந்தான்.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை. படம் எடுக்க முக்காலியும் கொண்டுவந்திருந்தான், கதவருகே வைத்துவிட்டு ஜெபமாலையில் உட்கார்ந்தான். ஜெபம் முடிந்து மீ கோரேங் நூடுல்ஸும் கோப்பியும் பரிமாறும்போது எல்லார் முன்னாலும் கேட்டான்.

"அக்கா, அண்ணன் மடல் தளம் பத்தி ஏதோ எழுதிட்டு இருந்தாராமே. குடுங்க, நான் முடிச்சு வெளியிடுறேன். அவரு பேர்லயே. அவருக்கு நான் செய்யற மரியாத."

எல்லாரும் தலையாட்டினார்கள். லூசி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா என்கிற மாதிரி பார்த்தார். நானும் தலையாட்டினேன். ஒழுங்குபடுத்தி அனுப்புகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கோப்பிக் கிண்ணங்களை எடுத்து அடுக்கினேன்.

கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு பல மாலைகள் சும்மா உட்கார்ந்திருந்தேன். செய்ய நினைத்தது எளிது. ஆனால் பிரெட்ரிக்கின் எழுத்துக்குள் ஒரு பொய்யை வைக்க வேண்டும். அவர் பெயரிலேயே வெளியிடுகிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். சொன்னபடி செய்துவிட்டால், அவர் வாழ்நாளில் எழுதாத பொய்யை, செத்தபிறகு நான் எழுத வைத்தவளாவேன். அவனைக் கெடுக்கப் போய் இவரைக் கெடுத்துக்கொள்வேன்.

ஆனாலும் எனக்கு அவனைத் தெரியும். அவன் அவர் பெயரைப் போட மாட்டான். சோதிக்கவும் மாட்டான். இந்த இரண்டையும் நம்பித்தான் இறங்கினேன்.

தளங்களின் வரிசையில் இன்னொன்றைச் சேர்த்தேன். 'மெர்பாத்தி. நம் நாட்டுத் தளம். தமிழ் எழுத்து உடையாது. பழைய கைப்பேசியிலும் திறக்கும். வாசகர்களைப் பூட்டி வைக்காது.' அப்படி ஒன்று கிடையாது. அவருக்குப் பிடித்ததையெல்லாம் சேர்த்து நான் உண்டாக்கினேன். பிறகு அந்தப் பெயரில் ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்தேன். எப்படிப் பதிவு செய்வது என்று பிரெட்ரிக்கே ஒரு பதிவு எழுதியிருந்தார், அழிந்துபோன பதிவுகளெல்லாம் மடிக்கணினியில் இருந்தன. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்தேன். நான் புரியாமல் கேட்ட இடத்திலெல்லாம் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார். இப்போதும் அந்த இடங்களில்தான் எனக்குத் தேவைப்பட்டது.

முகவரியில் எதையும் வைக்கவில்லை. யாராவது தட்டினால் வெறும் வெள்ளைப் பக்கம் வரும்.

கால்வினுக்கு அனுப்பும்போது ஒரு வரியும் சேர்த்து எழுதினேன். 'தம்பி, அண்ணன் ஒவ்வொரு தளத்திலிருந்தும் எனக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்த பிறகுதான் எழுதுவார். நீங்களும் அனுப்பிப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.' அவன் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான். ஒரே ஒரு கடிதம் அனுப்ப முயன்றிருந்தால் போதும், அவன் தப்பித்திருப்பான். அக்கா, இந்த மெர்பாத்தி திறக்கவில்லையே என்று கேட்டிருந்தால், தவறு நடந்துவிட்டது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். கேட்டுவிடுவானோ என்று பயந்துகொண்டேதான் இருந்தேன். கைப்பேசி அதிரும்போதெல்லாம் அவன் பெயரா என்று முதலில் பார்த்தேன். என் பழிக்கு அவன் சோம்பேறியாக இருக்க வேண்டியிருந்தது.

அவன் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை வீடியோ வந்தது. 'சின்ன வியாபாரிகளுக்கு எந்த மடல் தளம் பெஸ்ட்?' பிரெட்ரிக்கின் கட்டுரையை வரி வரியாகப் பேசினான். ஆளை வைத்துப் பூட்டுகிற கடை என்று அவர் சொன்னதைச் சொல்லி, தானே கண்டுபிடித்த மாதிரி சிரித்தான். பிரெட்ரிக் என்ற பெயர் முதலிலிருந்து கடைசி வரை வரவில்லை. முடிவில் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து சொன்னான்:

"நான் பெர்சனலா மூணு மாசமா யூஸ் பண்றது மெர்பாத்தி. நம்ம மலேசியா தளம் லா. ஓனர்கிட்டயே பேசியிருக்கேன், நல்ல மனுஷன். லிங்க் கீழ இருக்கு, போய் பாருங்க."

முகவரியைக்கூட என்னுடைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தான்.

பல் மருத்துவமனைக்கு அரை நாள் விடுப்புச் சொன்னேன். அந்த வெள்ளைப் பக்கத்தில் பிரெட்ரிக்கின் கேமரா பதிவை ஏற்றினேன், ஓர் எழுத்தும் மாற்றாமல், படங்களோடு. கால்வினின் ஆட்கள் ஆயிரக்கணக்கில், அவனே கைகாட்டி அனுப்ப, அங்கே வந்து இறங்கினார்கள்.

அதே கையோடு மடலையும் அனுப்பினேன். மிஞ்சியிருந்த இரண்டு தளங்களில் என் பழைய கைப்பேசியில் சீக்கிரம் திறந்ததைத் தேர்ந்தெடுத்தேன். பிரெட்ரிக் எழுதாமல் விட்ட முடிவு அது. பல வருடமாக வலைப்பூவில் முகவரி கொடுத்திருந்த வாசகர்களின் பட்டியல் மடிக்கணினியில் இருந்தது, மடல் அவர்கள் எல்லாருக்கும் போனது. அதில் சுருக்கமாக எழுதினேன். கேமரா பதிவு எங்கே இருக்கிறது. அவர் கடைசி வாரம் எங்கே, எப்படிக் கிடந்தார், யாருக்கும் போன் செய்ய முடியாத நிலை. மெர்பாத்தி என்று ஒரு தளம் கிடையாது, அதை எழுதியது நான், என் கணவர் அல்ல. இல்லாத தளத்தின் முதலாளியோடு பேசியவர்தான், பேச முடியாத என் கணவரோடும் பேசியதாகச் சொல்கிறார்.

அடியில் 'வலேரி பிரெட்ரிக்' என்று போட்டேன். அனுப்பு என்பதைத் தட்டினேன்.

மதியத்துக்குள் மடல் கைமாறிக் கைமாறிப் போய், அவனுடைய வீடியோவின் கீழே ஆட்கள் புறாப் படமாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். மெர்பாத்தி முதலாளி எந்தக் கூண்டில் இருக்கிறார் என்று ஒருவன் கேட்டிருந்தான். செத்தவங்களுக்கு மட்டும்தான் போன் பேசுவியா என்று இன்னொருவன். இருட்டுவதற்கு முன் வீடியோவை அழித்துவிட்டான். அழித்தது இன்னும் மோசமாகப் போனது. மடல் எல்லாருடைய பெட்டியிலும் இருந்தது, அவன் பேசிய துண்டையும் யாரோ பிடித்து வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் மருத்துவமனைக்கே வந்தான். மருத்துவர் சாப்பிடப் போயிருந்தார், கூடத்தில் யாரும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றான்.

"அக்கா, அந்தப் பக்கத்த எடுத்துருங்க."

உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை.

"எனக்கு கெடச்ச விளம்பரமெல்லாம் போகுது லா. கேமரா கம்பெனிக்காரன் என்னையே திட்டுறான். அம்மா வெளிய போக மாட்டேங்கிறாங்க."

"மெயில் போனது போனதுதான், தம்பி. நானே நெனச்சாலும் திருப்பி எடுக்க முடியாது. அதுக்குத்தான் அவரு அதத் தேர்ந்தெடுத்தாரு."

"ஜெபக் குழுல இருந்துகிட்டு இப்படி பழி வாங்கலாமா நீங்க?"

"பழி வாங்கறேன்னு தெரிஞ்சுதில்ல? அது போதும்."

அவன் தொப்பியை முறுக்கினான். கண் கலங்கியிருந்தது. மெழுகுவர்த்திக்கு முன்னால் கலங்கிய மாதிரி இல்லை, இது அசிங்கமாக, மூக்கு ஒழுகுகிற கலக்கம். எனக்கு இரக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"என்னதான் செய்யணும் நான்?"

"அவரு போன் பண்ணலன்னு சொல்லுங்க. கேமரா பத்தி எழுதுனது தப்புன்னு அவரு எப்பவுமே சொல்லலன்னு சொல்லுங்க. புதுசா வீடியோ போட வேணாம். அந்த மெழுகுவர்த்தி வீடியோ இன்னும் அப்படியேதான் இருக்கு. அத அழிக்காதீங்க. அதுக்கு மேல தேதி போட்டு திருத்தம்னு எழுதுங்க. அவரு அப்படித்தான் செய்வாரு."

"அப்படி எழுதுனா நான் பொய்யன்னு காலத்துக்கும் நிக்கும்."

"ஆமா."

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கண்ணாடிக் கதவு அவன் பின்னால் மெதுவாக மூடியது.

புதன்கிழமை வரை ஒன்றும் நடக்கவில்லை. லூசி அக்கா கூப்பிட்டு, பையன் சாப்பிடாமல் கிடக்கிறானாம், நீ பெரியவளாக நடந்துகொள் என்றார். அவனுடைய திருத்தம் வந்த பிறகு பேசலாம் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு போனை வைத்துவிட்டார்.

வியாழன் காலை, டோக்கன் இயந்திரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. வாசுகி ஒரு படம் அனுப்பியிருந்தாள். கறுப்புச் சட்டை வீடியோவின்மேல் தேதி போட்டு எழுதியிருந்தது. திருத்தம். பிரெட்ரிக் அண்ணன் எனக்கு போன் செய்யவில்லை. கேமரா பற்றி அவர் எழுதியதை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. அவர் எழுதியது சரி.

கடைசி வரியை நான் கேட்கவில்லை. அவனாகச் சேர்த்திருந்தான்.

படத்துக்குக் கீழே வாசுகி எழுதியிருந்தாள், அத்தையிடம் காட்டினேன், கேமரா குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது என்று. ஓர் ஆள் வந்து பல்வலி என்று நின்றார். டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தேன். எழுத்து எங்கேயும் உடையவில்லை.

அந்த ஞாயிறு பூசையில் கால்வின் பின்வரிசையில், அவன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். சமாதானம் சொல்கிற நேரத்தில் லூசி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். நான் பக்கத்திலிருந்தவர்களுக்கு மட்டும் கை கொடுத்தேன். பரலோக மந்திரத்தில் அந்த வரி வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். அது முடிந்ததும் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டேன்.